பெட்டி பார்த்த முகம்

பெட்டி பொய் சொல்லாது என்று எல்லோரும் சொன்னார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் சொன்னார். இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் சொன்னார். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கால் உடைந்து கிடந்தவர், தன் வலியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுச் சொன்னார். இவர்களையெல்லாம் மோகனா பொறுத்துக்கொண்டாள். கடைசியில் அவள் புருஷன் பூபதியே அதைச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டி என்றால் வண்டிக்குள் இருக்கும் பதிவுப்பெட்டி. ஒரு காலத்தில் அது அடக்கமான சாமான்தான். வண்டி எங்காவது மோதினால், மோதுவதற்கு முந்தைய சில விநாடிகளில் என்ன வேகம், பிரேக்கில் கால் இருந்ததா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியது என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். "மெதுவாகத்தான் வந்தேன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர்களின் குட்டை உடைத்ததும் அதுதான். செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றியதும் அதுதான். அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? டாக்சி, பஸ் என்று வாடகைக்கு ஓடும் எல்லா வண்டியிலும் பெட்டிக்கு ஒரு கண்ணும் வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. மீட்டருக்கு மேலே, மிளகு அளவில் ஒரு கறுப்புக் கண். அது ஓட்டுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் தூங்குகிறார் என்று பட்டால், கார் ஸ்டீயரிங்கைத் தானே எடுத்துக்கொண்டு சாலையின் இடது ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும். விளம்பரத்தில் ஒரு குழந்தை அந்தக் கண்ணுக்கு முத்தம் கொடுக்கும்.

போன வருஷம் ஐப்பசியில், அவிநாசிக்கு அந்தப் பக்கம், பட்டப்பகலில் பூபதியின் டாக்சி திடீரென்று இடது பக்கம் பாய்ந்தது. சவாரியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். ஓரத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டுத் தேங்காய் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த ஆறுச்சாமி என்ற பெரியவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். பூபதி மண்டை பிளந்து ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"ஸ்டீயரிங் தானாத் திரும்பிருச்சு புள்ள. ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தேன். பிரேக்க மிதிச்சேன், கேக்கவே இல்ல." நினைவு வந்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

மறுநாள் கார் கம்பெனியிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்தார். ஓட்டுநரைத் தவிர வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்று மோகனாவை வெளியே அனுப்பிவிட்டு, பெட்டி எடுத்த படத்தை டேப்லெட்டில் பூபதிக்குக் காட்டினார். அவள் திரும்ப உள்ளே வந்தபோது பூபதி முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தான். தான் தூங்கிவிட்டதாகப் பெட்டி சொல்கிறது என்றான். ஒரு வாரம் போனதும் பெட்டியை விட்டுவிட்டு, "தூங்கிட்டேன்" என்றான். பொங்கலுக்குள் அந்தத் தூக்கத்தில் வந்த கனவுகூட அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கொடிவேரி அணையில் குளித்துக்கொண்டிருந்தானாம். தண்ணீர்ச் சத்தம் காதை அடைத்ததாம்.

அன்றிலிருந்து அவன் தூங்குவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தே இருப்பான். கண் சொக்கினால் திடுக்கிட்டு எழுந்து, இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்வான். ஒரு மனுஷனை இந்தக் கதிக்கு ஆளாக்கிய பெட்டியைச் சம்மட்டியால் உடைக்கவேண்டும் என்று மோகனாவுக்குக் கை துறுதுறுக்கும். அது கம்பெனிக்காரர்களிடம் பத்திரமாக இருந்தது.

வழக்கு கோயம்புத்தூர் விபத்து மன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது இந்த வருஷத்து ஆயுத பூஜையே முடிந்திருந்தது. தெருவில் நிற்கிற வண்டிக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும். முன்னால் கட்டிய வாழைக்கன்றுகள் வாடிப்போய்த் தொங்கின. மோகனாவுக்கு இந்த வருஷம் பொட்டு வைக்க வண்டி இல்லை.

மன்றத்துப் படியில் வைத்து அவள் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"மாமா, ஒத்துக்காதீங்க. ஒத்துக்கிட்டா மூணு வருஷம் உள்ள போயிருவீங்க. கொட்டாவி வந்தாலே ஓரங்கட்டி டீ குடிக்கிற ஆளு நீங்க. நீங்களா தூங்கினீங்க?"

"படத்துல பார்த்தேன் மோகனா. என்ற மூஞ்சிதான். என்ற கண்ணு மூடுறத நானே பார்த்தேன்."

"படமாம் படம்! மொதல்ல என்ன சொன்னீங்க? ஸ்டீயரிங் தானாத் திரும்புச்சுன்னு சொல்லல?"

"அது பயத்துல சொன்னது. அந்தப் பெரியவரோட புள்ள உள்ள வந்து உக்காந்திருக்குது. அது மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது?"

பெரியவரின் மகள் ஹேமலதா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மோகனா அவள் பக்கம் பார்க்காமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். சட்ட உதவி வக்கீல் அடுத்த அறையில் இன்னொரு வழக்குக்குப் போயிருந்தார். ஒத்துக்கொள்ளப்போகிற கட்சிக்காரருக்கு வக்கீல் எதற்கு என்று நினைத்திருப்பார்.

மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். கம்பெனி வக்கீல் ரகுநந்தன் எழுந்து, செத்தவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, காரைப் பாராட்டத் தொடங்கினார். ஓட்டுநர் தூங்கியதை கார் கண்டுபிடித்தது, உடனே பொறுப்பை ஏற்றுக்கொண்டது, ஓரத்தில் ஆள் நின்றது துரதிர்ஷ்டம், கார் அப்படி ஒதுங்காவிட்டால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ என்றார். அவர் பேசி முடித்ததும் காருக்கு மாலை போடாததுதான் பாக்கி. பிறகு படத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள்.

மோகனா அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். திரை முழுக்கப் பூபதி. வழித்து வாரிய தலை, அடர்ந்த மீசை. இமை தாழ்ந்தது, உயர்ந்தது, மறுபடி தாழ்ந்து மூடிக்கொண்டது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். கூண்டில் நின்ற பூபதி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பழைய முகம் எவ்வளவு நன்றாக இருந்தது என்றுதான் மோகனாவுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் அவளுக்கு உறைத்தது.

"நிறுத்துங்க! அது என்ற வீட்டுக்காரர் இல்லீங்க!"

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும்மா நீங்க?"

"இவரோட சம்சாரங்க. அந்தத் தலையப் பாருங்க, மீசையப் பாருங்க. ஆக்சிடெண்ட் ஆன அன்னிக்கு இவரு மொட்டைங்க. அதுக்கு முந்தின வாரந்தான் பழனியில முடி எறக்கினோம். மீசையும் சேர்த்து."

அறையில் சிரிப்பு எழுந்தது. ரகுநந்தனும் சிரித்தார். "ஆஸ்பத்திரில தையல் போடறதுக்காக ஷேவ் பண்ணியிருப்பாங்கம்மா. பதட்டத்துல நீங்க மாத்தி நினைச்சுக்கறீங்க."

"மண்டையில தையல் போடறதுக்கு மீசைய எதுக்குய்யா எடுப்பாங்க?"

சிரிப்பு நின்றது. மோகனா பையிலிருந்து போனை எடுத்துத் தேடி, படத்தைக் கண்டுபிடித்தாள். பழனி அடிவாரத்தில் பூபதி, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். போன் கைமாறித் தலைவரிடம் போனது. அவர் படத்தின் தேதியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பூபதி துண்டை விலக்கிவிட்டுத் திரையை ஒழுங்காக நிமிர்ந்து பார்த்ததே அப்போதுதான். அவன் கை மெல்ல மேலுதட்டுக்குப் போனது.

தலைவர் மன்றத்தின் பொறியாளரைக் கூப்பிட்டார். "ஜெசிந்தா, பெட்டிய நீங்கதான படிச்சீங்க?"

"கம்பெனி தந்த அறிக்கையத்தான் மேடம் படிச்சேன். பெட்டிய நேரா திறக்கணும்னா மன்றம் உத்தரவு போடணும். இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல."

"நான் போடறேன். திறங்க."

"இது கம்பெனியோட தொழில் ரகசியம்..." என்று ரகுநந்தன் எழுந்தார்.

"ஒருத்தர் ஜெயிலுக்குப் போறாரு. உங்க ரகசியம் கொஞ்சம் வெளிய வரட்டும். உட்காருங்க."

கம்பெனிக்காரர்கள் சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியை ஜெசிந்தா தன் கணினியோடு இணைத்தாள். அவள் தூத்துக்குடிக்காரி, கோபம் வந்தால் படித்த பேச்சு ஓடிப்போய் ஊர்ப் பேச்சு வந்துவிடும். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"மேடம், இதுல ரெண்டு விதமா எழுதியிருக்கு. வேகம், பிரேக், ஸ்டீயரிங், இதெல்லாம் அளந்து எழுதினது. கண்ணு மூடியிருந்துச்சுங்கறது அளந்தது இல்ல. ஊகம்."

"ஊகம்னா?"

"பெட்டியோட கண்ணுக்கு முகமே தெரியல. பல நாளா தெரியல. தெரியாத இடத்த பெட்டி தானா கணக்குப் போட்டு நிரப்பியிருக்கு. அறிக்கையில ரெண்டையும் ஒரே மாதிரி அச்சடிச்சிருக்காங்க."

"அப்ப இந்தப் படம்?"

"அந்தக் கணக்க வச்சு வரைஞ்சது. முன்னாடி பார்த்து வச்சிருந்த முகத்த எடுத்து ஒட்டியிருக்கு. மொட்டைத் தலைய அது பார்த்ததே கிடையாது."

"என்ன கணக்குப் போட்டுச்சு?"

ஜெசிந்தா படித்தாள். "வயசு நாற்பதுக்கு மேல. விடியக்காலையிலேருந்து வண்டியில இருக்காரு. நேர் ரோடு, வெயில். மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச நேரம். இந்த மாதிரி ஆளுங்க இந்த நேரத்துல கண்ணு அசருவாங்க. அதனால அசந்துட்டாரு. அவ்வளவுதான் மேடம்."

"சாப்பிட்டாரா?" மோகனா கத்தினாள். "அன்னிக்குக் கந்த சஷ்டி விரதங்க! பச்சத் தண்ணி தவிர பல்லுல ஒண்ணும் படல!"

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஜெசிந்தாவுக்கு இப்போது குரல் உயர்ந்துவிட்டது. "இங்க பாருங்க. பிரேக்க முழுசா மிதிச்சிருக்காரு. ஸ்டீயரிங்க வலது பக்கம் இழுத்திருக்காரு. அளந்த கணக்குல அது அப்படியே இருக்கு. தூங்குத மனுசன் இப்படி இழுப்பானா? ஆனா கார் என்ன எழுதியிருக்கு தெரியுமா? தூக்கத்துல உடம்பு உதறுதுன்னு எழுதிட்டு, அவரு மிதிச்ச பிரேக்கத் தள்ளி வச்சிடுச்சு. முழிச்சிருந்தவரு கையிலேருந்து வண்டியப் பிடுங்கி இடது பக்கம் கொண்டு போயிருக்கு."

பூபதி முதல் நாள் ஆஸ்பத்திரியில் சொன்னது சொல்லுக்குச் சொல் இதுதான். அதைச் சொன்னவனைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வருஷத்தில் பைத்தியக்காரனாக்கியிருந்தார்கள். மோகனாவுக்கு அழுகை வரவில்லை. அங்கே இருந்த நாற்காலிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திரைமேல் எறியவேண்டும்போல இருந்தது.

"கண்ணுக்கு ஏன் முகம் தெரியல?" என்று தலைவர் கேட்டார்.

ஜெசிந்தா கூண்டின் பக்கம் திரும்பினாள். "ஏதாச்சும் அதை மறைச்சிருந்துச்சா அண்ணாச்சி?"

மோகனாவுக்கு ஞாபகம் வந்தது. போன வருஷத்து ஆயுத பூஜை. வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்டீயரிங், கியர், கண்ணாடி, மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தன் கையால் பொட்டு வைத்தாள். மீட்டருக்கு மேலே அந்தச் சின்னக் கறுப்புக் கண். கண்ணை விடலாமா? அதற்குத்தான் கெட்டியாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் அழுத்தி வைத்தாள். பூபதி துடைக்கப் போனான். "சாமிக்கு வச்ச பொட்டத் தொடைச்சா வீட்டுக்கு ஆகுங்களா? அதுவா உதிரட்டும்" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். வண்டி ஒன்றும் சொல்லாமல் ஓடியது. பொட்டு காய்ந்து, இறுகி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

பூபதிக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "ஒண்ணும் மறைக்கலீங்க," என்றான் அவசரமாக.

ஆறுச்சாமியின் மகள் முன்னால் பொய் சொல்லமாட்டேன் என்று படியில் நின்று சொன்னவன், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக இப்போது பொய் சொன்னான். தனக்காக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவனுக்கு இது மட்டும் தெரிந்திருக்கிறது. மோகனாவுக்கு அவன்மேலும் கோபம் வந்தது.

"நாந்தானுங்க மறைச்சேன்," என்று எழுந்தாள். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சேன். அந்தக் கண்ணுமேலயே வச்சேன். இவரு தொடைக்கப் போனாரு. நான்தான் விடல."

ரகுநந்தன் துள்ளி எழுந்தார். "இதுதான் மேடம் வேணும்! கண்ணை மறைக்கறது சட்டப்படி குற்றம். விபத்துக்குக் காரணமே இந்தம்மாதான். கம்பெனிக்கு இதுல எந்தப் பொறுப்பும் கிடையாது."

"அப்ப பெட்டி பார்க்கலன்னு கம்பெனி ஒத்துக்கிடுதா சார்?" என்றாள் ஜெசிந்தா.

அவர் வாயைத் திறந்தார். ஆமாம் என்றால் இந்தப் படம் பொய். இந்தப் படம் பொய் என்றால், ஊர் ஊராக மன்றங்களில் திரையிட்டு, ஒவ்வொருவரையும் அழவைத்து ஒத்துக்கொள்ள வைத்த மற்றப் படங்கள் எல்லாம் என்ன? இல்லை என்றால் மீசை இடிக்கிறது. "நான் அப்படிச் சொல்லலை," என்றார்.

"பின்ன எப்படிச் சொல்லுதீங்க?"

"எழுதிக்குங்க சார்," என்றாள் மோகனா. "நல்லா கொட்ட எழுத்துல எழுதிக்குங்க. பொட்டு வச்சவ மோகனா. என்னைய உள்ள போடுங்க, வர்றேன். ஆனா குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு, பார்த்தேன் பார்த்தேன்னு சொல்லுச்சே உங்க பெட்டி, அதையும் பக்கத்துலயே எழுதுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையறதுக்கு என்ன கேடு? ஒரு பீப் சத்தம் போட்டிருந்தா நானே தொடைச்சிருப்பேனே! ஒருத்தரக் கொன்னுட்டு, இன்னொருத்தர நாந்தான் கொன்னேன்னு நம்பவும் வச்சீங்களே, நீங்கெல்லாம் சோறுதான் திங்கறீங்களா?"

தலைவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். "ஏன் சத்தம் போடல?"

"முன்னாடியெல்லாம் கண்ணு மறைஞ்சா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது மேடம். தூசி பட்டாலும் நின்னுச்சு. சவாரி போகுது, பேரு கெடுதுன்னு கம்பெனி அதை மாத்திட்டாங்க. தெரியலன்னா கேக்காத, நீயே நிரப்பிக்கோன்னு சொல்லி வச்சுட்டாங்க."

முதல் வரிசையில் ஹேமலதா எழுந்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அப்ப எங்கப்பாவக் கொன்னது யாருங்க?"

ரகுநந்தன் மேசையைப் பார்த்தார். ஜெசிந்தா கணினியைப் பார்த்தாள்.

"ஒரு வருஷமா காலையில எந்திரிச்சதும் இவரத்தாங்க திட்டுவேன். தூங்கி எங்கப்பாவக் கொன்னுட்டானேன்னு மண்ண வாரித் தூத்துவேன். இப்ப இவரும் இல்லீங்கறீங்க. பொட்டு வச்சதுக்கா எங்கப்பா செத்தாரு? நான் இனி யாரத் திட்டறது? சொல்லுங்க!"

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். போகும்போது மோகனாவின் எதிரில் ஒரு கணம் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த மோகனாவுக்கு எதற்காகக் கேட்பது என்று தெரியவில்லை. ஹேமலதாவும் காத்திருக்கவில்லை.

பூபதிமேல் இருந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். கண் எழுதியதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக்கூடாது, ஆனால் இந்த ஒரு வழக்குக்கு மட்டும்தான் என்றார் தலைவர். அதற்குமேல் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றபோது அவர் குரல் இறங்கியிருந்தது. மோகனாமேல் தனி விசாரணை வரும். கம்பெனி குறைகளை உடனே திருத்திக்கொள்ள வேண்டும். ரகுநந்தன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் கோபி பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் பூபதி, பக்கத்தில் மோகனா. ஊர் எல்லை தாண்டியதும் அவன் கேட்டான்.

"அப்ப நான் தூங்கல?"

"தூங்கல."

"அந்தத் தண்ணிச் சத்தம் கேட்டுச்சே மோகனா. இப்பவும் கேக்குதே."

"அது அவனுங்க உங்க மண்டைக்குள்ள வச்சுட்டுப் போன சத்தம். நீங்க பிரேக்க மிதிச்சீங்க. வலது பக்கம் இழுத்தீங்க. அளந்து எழுதியிருக்குது மாமா."

"வலது பக்கம் இழுத்தேன்," என்று அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இன்னும் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை பாதியில் நின்றது. அவன் தலை அவள் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொள்ள, குறட்டை வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் கேட்கிற குறட்டை. மோகனா ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் மடியில் இருந்த பூபதியின் போனில் ஒரு செய்தி வந்தது. கார் கம்பெனியிலிருந்து எல்லா ஓட்டுநர்களுக்கும் அனுப்பியது. 'அன்பான ஓட்டுநரே! மொட்டை, மீசை, தாடி முதலிய மாற்றங்கள் செய்துகொண்டால் உடனே புதிய புகைப்படத்தை அனுப்பி வையுங்கள். பதிவுகள் மேலும் துல்லியமாக அமைய உதவுங்கள்.'

மோகனா அதை இரண்டு முறை படித்தாள். ஊகத்தை நிறுத்தவில்லை. தெரியாவிட்டால் சத்தம் போடும்படி பெட்டியை மாற்றவில்லை. அவர்கள் திருத்திக்கொண்டது மீசையை மட்டும்தான். இனி வரைகிற படத்தில் மொட்டைத் தலையும் சரியாக இருக்கும். எந்தப் பெண்டாட்டியும் எழுந்து நின்று கத்தமுடியாது.

அவள் நிமிர்ந்தாள். பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு வெளியே வாடிய வாழைக்கன்று ஆடியது. ஸ்டீயரிங்கில் பொட்டு, கியர் கம்பியில் பொட்டு. மீட்டருக்கு மேலே, இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கறுப்புக் கண்ணைக் காணவில்லை. அங்கே காசு அகலத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

பூபதியின் தலையை அலுங்காமல் எடுத்து ஜன்னல் கம்பியில் துண்டை மடித்து வைத்துச் சாய்த்துவிட்டு, அவள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"ஏனுங்க்கா, வாந்தி வருதுங்களா?"

"அந்தப் பொட்டத் தொடைக்கணும்."

டிரைவர் சிரித்தார். "அட, சாமிக்கு வச்ச பொட்டுங்க்கா. தொடைச்சா ஆகாதுங்க. அதுவா உதிரணும்."

"நிறுத்துய்யா வண்டிய!"

பஸ் ஓரம்கட்டி நின்றது. டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார். மோகனா பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து, குனிந்து, காய்ந்த சந்தனத்தைத் தேய்த்தாள். சுலபத்தில் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். குங்குமம் கரைந்து விரல்வழியே வழிந்தது. கடைசியில் மிளகு அளவில் அந்தக் கண் வெளியே வந்தது.

பின்னால் பூபதியின் குறட்டை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இப்பப் பாரு," என்றாள் மோகனா அந்தக் கண்ணிடம். "நல்லாப் பாரு."